மூடியவர் பைத்தியக்காரரா?



நாளொன்றுக்கு 50,000 டாலர் ஈட்டித் தந்த தம் சொந்தப் படைப்பை ஓர் இளைஞர் தாமே மூடினார் என்றால் நாம் என்ன சொல்வோம்? "பைத்தியக்காரர்" என்போம். அச்சொல்லை மறுக்கவே இதனை எழுதுகிறோம்.

வியட்நாமின் ஹனோய் நகரைச் சேர்ந்த டாங் நுயென், வேறு வேலை பார்த்துக்கொண்டே, சில நாள்களில் தனியாளாக உருவாக்கிய கைப்பேசி விளையாட்டு 'ஃபிளாப்பி பேர்ட்'. 2013 மே மாதம் வெளியான அதனை முதலில் எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2014 தொடக்கத்தில் அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் அது முதலிடம் பிடித்தது. விளம்பர வருமானம் மேற்சொன்ன அளவினது என ஏடுகள் எழுதின. அந்த உச்சத்தில், பிப்ரவரி மாதம், 22 மணி நேரத்தில் நீக்கிவிடுவதாக அறிவித்தார். சொன்னபடியே நீக்கினார்.

வழக்குக்கு அஞ்சினார் என்றனர் சிலர். சட்டச் சிக்கல் காரணமன்று என்று அவரே தெளிவாக்கினார். ஓய்வில் சில நிமிடம் ஆடுவதற்காகச் செய்தது, மக்களை அடிமைப்படுத்தும் பொருளாகிவிட்டது என்பதே அவர் கூறிய காரணம். பிள்ளைகளுடன் பேசுவதையே நிறுத்திவிட்ட ஒரு தாயைப் பற்றியும் அவருக்குக் கடிதம் வந்ததாம்.

"ஒன்றை மூடினால் நூறு முளைக்குமே!" என்பர். உண்மைதான், போலிகள் குவிந்தன. அந்த விளையாட்டு ஏற்கெனவே பதிந்திருந்த கைப்பேசிகளைப் பெருந்தொகை கேட்டு விற்க முன்வந்தோரும் உண்டு. அதனால் என்ன? தெருவில் கலப்படப் பால் விற்போர் பலர் இருப்பது, நாமும் பாலில் நீர் ஊற்றுவதற்கு அனுமதி ஆகுமா? அவரவர் கையிலுள்ளதற்கே அவரவர் பொறுப்பு.

"ஆடுபவர்தாமே தம்மைக் கட்டுப்படுத்த வேண்டும்?" என்பர். வளர்ந்தவருக்கு அது ஓரளவு பொருந்தும். பத்து வயதுப் பிள்ளைக்கும், அதன் விரலை இழுத்துப் பிடிக்கும் பொருளைச் செய்தவருக்கும் சம வலிமை உண்டா? செய்பவருக்குத் தெரிந்திருப்பது ஆடுபவருக்குத் தெரியாது. தெரிந்தவர் மீதே அமானிதம் சுமத்தப்படுகிறது.

அவர் தொழிலைத் துறந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொரு விளையாட்டை வெளியிட்டார். தீங்கெனக் கண்ட ஒன்றை நிறுத்துவதற்கு உழைப்பையே கைவிட வேண்டியதில்லை.

நம் குறை எங்கே உள்ளது? கடை திறக்க, வீடு குடிபுக, புது வேலையில் சேர துஆ கேட்கிறோம். தவறெனத் தெரிந்ததை நிறுத்தும் துணிவுக்காகக் கை ஏந்துவதில்லை. மத்ரஸாவில் பாடம் நடத்தும் நாமும் தொடங்குவதன் சிறப்பையே அதிகம் போதித்துவிட்டோம். நம் வீடுகளில் இன்று கணினி படித்த பிள்ளைகள் ஏராளம். அவர்களுள் ஒருவர், "வாப்பா, நான் செய்த செயலி பிறர் நேரத்தைத் தின்கிறது, மூடிவிடப் போகிறேன்" என்று வந்து நின்றால், "எவ்வளவு நஷ்டம்?" என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கும் அன்றோ?

அக்கேள்வியை மாற்றுவோம். "இதனால் யாருக்குத் தீங்கு?" என்று முதலில் கேட்போம். வருமானம் ஹலாலா என்று ஆராயும் நாம், அது யாருடைய உறக்கத்திலிருந்தும் பொழுதிலிருந்தும் வருகிறது என்பதையும் ஆராய்வோம். மூடத் துணிந்த பிள்ளையைப் பைத்தியம் என்னாது, தோள் தட்டி அருகில் அமர்த்திக்கொள்வோம்.