உடைந்த கலனும் திருத்திய அளவீடும்

எடைக்கு எடை எஃகினும் வலியது கரிநார்க் கலவை. ஆனால் கடுங்குளிரில் பிசின் சுருங்கும், நாரோ சுருங்குவதில்லை. இந்த இழுபறியில் மயிரிழை விரிசல்கள் தோன்றும்.

1999 நவம்பரில் அமெரிக்காவின் நாசா, எக்ஸ்-33 விண்கலத்துக்கான கரிநார்க் கலனில், சுழியத்துக்குக் கீழ் 253 டிகிரியிலுள்ள திரவ ஹைட்ரஜனை நிரப்பிச் சோதித்தது. விரிசல் வழியே தேன்கூட்டு அடுக்கினுள் புகுந்த ஹைட்ரஜன், கலன் வெப்பமடைந்தபோது விரிந்து புறத்தோலைப் பிரித்துவிட்டது. 2001இல் திட்டமே கைவிடப்பட்டது. இது வெறும் தோல்வியா? இல்லை நண்பர்களே! வானில் தெரியவேண்டிய குறை தரையிலேயே தெரிந்தது.

நாமோ, ஆய்வுக்கூடத்தில் விடை ஒத்துவராவிட்டால் அளவீட்டைத் திருத்தி எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். கண்டதைக் கண்டபடி எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கிடைக்கும் நாளே, நம் ஆய்வுக்கூடம் உண்மையில் திறக்கப்படும் நாள்!