கேட்காத கூலி

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட வழியின்றி 28 பேர் கருகிச் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது; அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. ஏர்வாடி தர்காவை நாடி வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க ‘தவா–துவா’ திட்டம் வந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்தது. 28 உயிர்களைக் கொடுத்துப் பெற்றவை இவை.

ஆனால் சங்கிலி அறுந்தால் மட்டும் போதாது. பாம்பன் பக்கம் நாங்கள் அறிந்த, மனநோயிலிருந்து தேறிவரும் ஒருவர் மாத்திரையைத் தவறவிடுவதே இல்லை. காதில் குரல்கள் கேட்பது நின்று நாளாகிவிட்டது. வலையின் கிழிசலை அவர் விரல்கள் சரிசெய்யும் வேகத்துக்கு இளவட்டங்கள் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் சாயங்காலம் கூலி பிரிக்கும்போது தள்ளிப்போய் நின்றுகொள்வார். “எனக்கென்னண்ணே, பாத்துக் குடுங்க.” மற்றவர்களுக்குத் தருவதில் பாதியைத் தந்தாலும் எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொள்வார். தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று, யாரும் சொல்லாமலே வீட்டைவிட்டு எங்கோ போய்விட்டாராம்.

தான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று ஊர் சொன்னதை அவரே நம்பிவிட்டார். நோயைவிட இதுதான் அவரை அதிகம் முடக்குகிறது என்று நினைக்கிறோம்.

“முன்ன மாதிரி ஆயிட்டானா?” என்பதுதான் இவரைப் போன்றவர்களைப் பற்றி நாம் கேட்கும் ஒரே கேள்வி. பதின்வயதில் மனச்சிதைவு நோய்க்கு ஆளாகி, பின்னர் உளவியலாளரான அமெரிக்கப் பெண் பட்ரீசியா டீகன் இந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. நோய் முழுதாக விலகாவிட்டாலும் தன் வாழ்க்கையைத் தானே நடத்துவதைத்தான் அவர் மீட்சி என்றார்.

நோய் முற்றும் நேரத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று விருப்பப் பத்திரமாக முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் ஒருவரை நியமிக்கவும் 2017 சட்டம் உரிமை தருகிறது. உழைத்த கூலியையே கேட்கக் கூசுகிறவர் அதை எப்படி எழுதுவார்?

மனநல மருத்துவர்களே, தூக்கமும் பசியும் எப்படி என்று விசாரிக்கும்போது, கூலி முழுசாகக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். நோயோடு வாழ்ந்து தேறிய ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அந்த விருப்பப் பத்திரத்தை எழுத உதவச் சொல்லுங்கள். படகு முதலாளிகளே, வலை வேலைக்கு ஆளைப் பார்த்தல்ல, வேலையைப் பார்த்துக் கூலி கொடுங்கள். அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.