தடுப்பூசி தோட்டத்துக்கு வர வேண்டும்

2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்த கையோடு பிள்ளைகளிடையே இன்புளுவென்சா 'ஏ' காய்ச்சல் பரவியது. சில பள்ளிகளில் வகுப்புகளை மூட வேண்டியதாயிற்று. பெற்றோர் பதறியடித்துத் தனியார் கிளினிக்குகளுக்கு ஓடினர். அங்கே ஊசி மருந்து தீர்ந்து போயிருந்தது.

அந்த நாட்களில் நாமும் அலைந்தோம். கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். இனிப்பு நீரும் இழுப்பும் உள்ளவர். "தம்பி, பேத்திக்குக் காய்ச்சல். எனக்கு ஊசி போட்டுக்கச் சொல்றாங்க. எங்க போறதுன்னு தெரியலப்பா" என்றார்.

கிள்ளானில் முதல் கிளினிக்கில், "மருந்து முடிஞ்சு போச்சு." இரண்டாவதில், "பேர எழுதிட்டுப் போங்க, வந்தா கூப்பிடுறோம்." மூன்றாவதில் இருந்தது, ஆனால் வழக்கமாக வருகிறவர்களுக்கு மட்டுமாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குப் போன் போட்டோம். "இருக்கு, வாங்க" என்றார்கள். கொமுட்டர் ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் கடைசி ஊசியும் போய்விட்டது. திரும்பும் வழியில் அந்த அம்மா சொன்னார்: "அந்தக் காலத்துல டிரெசர் ஐயா லயத்துக்கே வந்து குத்திட்டுப் போவாரு. இப்ப ஊசியத் தேடி நாம ஊரூரா அலையிறோம்."

இந்தச் சொல்லுக்கு யார் பதில் சொல்வது?

பற்றாக்குறை ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்புளுவென்சா கிருமி அடிக்கடி உருமாறும். அதனால் உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை, வட பாதி உலகுக்கு ஒன்றும் தென் பாதிக்கு ஒன்றுமாக, எந்தக் கிருமிக்கு மருந்து செய்வது என்று பரிந்துரைக்கிறது. பெரும்பாலும் கோழி முட்டையில் வளர்த்துத்தான் மருந்து செய்கிறார்கள். செய்து முடிக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். நம் நாடோ வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. காய்ச்சல் பரவிய பிறகு "இன்னும் அனுப்பு" என்றால் உடனே வந்துவிடாது. வந்த மருந்தையும் 2 முதல் 8 டிகிரி குளிரில் காக்க வேண்டும். போட்ட பிறகும் பலன் கிடைக்க இரண்டு வாரமாகும். ஆக, இது வெள்ளம் வருமுன் போட வேண்டிய அணை.

2021-இல் கோவிட் தடுப்பூசிக்கும் இதே பாடுதான் பட்டோம். மே 2-ஆம் தேதி, கோலாலம்பூர், சிலாங்கூர் மக்களுக்கு அஸ்ட்ராஜெனிகா ஊசிப் பதிவு இணையத்தில் திறந்தது. முந்தியவருக்கே இடம் என்றார்கள். சில மணி நேரத்தில் எல்லாம் நிரம்பியது. மே 26-இல் நண்பகலில் மறுபடியும் திறந்தார்கள். பதிவுப் பக்கமே திணறியது. அறையில் உட்கார்ந்து கைபேசியில் விரலோட்டத் தெரிந்தவர் முந்திக்கொண்டார். நண்பகல் வெயிலில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர் எப்படி முந்துவார்? ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பதிவில்லாமல் நேரே போகலாம் என்றான பிறகுதான் விடுபட்ட பலருக்கு ஊசி கிடைத்தது.

பணத்தையும் பார்ப்போம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி. தனியார் கிளினிக்கில் ஓர் ஊசிக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி இது. ஐந்து பேர் குடும்பம் என்ன செய்யும்?

2025 அக்டோபரில் மீண்டும் இன்புளுவென்சா பள்ளிகளில் பரவி, ஆயிரக்கணக்கான மாணவர்கள் படுத்தார்கள். பாடம் படித்தோமா?

நம் தவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். சம்பளத்துக்கும் போனசுக்கும் மேசையைத் தட்டிய நாம், தடுப்பூசியை ஒரு கோரிக்கையாக எழுதி வைக்கவில்லை. பற்றாக்குறை வந்தபின் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். இனி அப்படி இருக்கக் கூடாது.

1990-ஆம் ஆண்டுச் சட்டம் வீடு, தண்ணீர், சுகாதாரம் ஆகிய கடமைகளைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்திருக்கிறது. அந்தக் கடமையுணர்வோடு, ஆண்டுக்கொரு முறை தோட்டத்துக்கே ஊசி வர நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். மருந்துக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கட்டும். ஊசி போடும் நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற பேதமும் கூடாது. ஒரே லயத்தில் மூச்சு விடுகிறவர்களைக் கிருமி பிரித்துப் பார்ப்பதில்லை. மருந்து குறைவாக இருந்தால் கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னப் பிள்ளைகள், இனிப்பு நீர், இழுப்பு, இருதய நோய் உள்ளவர்கள் முதலில் நிற்க வேண்டும். காசுள்ளவர் முதலில் என்ற வரிசை வேண்டாம்.

தோழர்களே, நீங்களும் சும்மா இருக்காதீர்கள். வீட்டில் 60 வயது தாண்டிய நோயாளி இருந்தால், இலவச ஊசி உண்டா என்று அரசாங்கக் கிளினிக்கில் இப்போதே கேளுங்கள். போன வருஷம் போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தோட்டக் கிளையும் ஊசி தேவைப்படுவோர் பெயரை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பட்டும். தனி ஆளாய்ப் போய்க் கேட்டால் "முடிஞ்சு போச்சு" என்பார்கள். பட்டியலோடு சங்கமாய்ப் போய்க் கேட்போம்.