மீன் வாங்கும் முன் ஆறு வாரம்

சேலம், நாமக்கல் பகுதிகளில் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்க்கும் வழக்கம் கிராமங்களிலும் பரவி வருகிறது. தங்கமீன், கப்பி, மோலி ஆகியவற்றோடு நின்றுவிடாமல், கடல்நீர்த் தொட்டி அமைக்கவும் சிலர் முற்படுகின்றனர். ஆரஞ்சு நிற உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட கோமாளி மீன், 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்துக்குப் பின் குழந்தைகளுக்கும் தெரிந்த மீனாகிவிட்டது. ஆசைப்படுவதில் தவறில்லை. அவசரப்படுவதில்தான் தவறு நேருகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். தொட்டி, மோட்டார், உப்புப் பொட்டலம், மீன் அனைத்தும் ஒரே நாளில் வாங்கப்படுகின்றன. அன்று மாலையே நீர் நிரப்பி, உப்பைக் கரைத்து, மீனும் விடப்படுகிறது. இரண்டு மூன்று நாட்கள் மீன் நன்றாகத்தான் நீந்தும். பின்னர் தீனி எடுக்காது. செவுள் வேகமாக அடிக்கும். நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறக்கும். பத்துப் பதினைந்து நாட்களுக்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். பழி கடைக்காரர் மீதும் வெயிலின் மீதும் போடப்படுகிறது. சில வேளைகளில் அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம், நீர் பக்குவப்படவில்லை என்பதே.

கோழிப்பண்ணை வைத்திருப்போருக்கு இதை விளக்குவது எளிது. ஈரமான எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணை எரிய வைக்கும். கொட்டகையில் காற்றோட்டம் இருந்தால் அது வெளியேறிவிடும். தொட்டி மீனுக்கு அந்த வசதி கிடையாது. மீன் செவுள் வழியே வெளிவிடும் அம்மோனியாவும், தின்னாமல் எஞ்சிய தீனி அழுகி உண்டாகும் அம்மோனியாவும் அதே நீரில்தான் தங்குகின்றன. கடல்நீரின் கார அமில நிலை 8.1 முதல் 8.3 வரை இருக்கும். காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். ஆகவே கடல்நீர்த் தொட்டியில் இத்தொல்லை கூடுதல். சேலத்து வெயிலில் இன்னும் கூடுதல்.

வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, பின்னர் நைட்ரைட்டாகி, முடிவில் நைட்ரேட்டாக மாறுவதை விவசாயிகள் அறிவர். இதைச் செய்யும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற நுண்ணுயிர்கள் மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் இருப்பதோ கண்ணாடியும் உப்புநீரும் மட்டுமே. இதே வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் படிந்து போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் விடக்கூடாது.

நீர் நிரப்பி, கல்லும் மணலும் இட்டபின், ஒரு சிட்டிகை மீன் தீனியையோ தோலுரித்த சிறு இறால் துண்டையோ போட்டு அழுக விட வேண்டும். மோட்டார் இரவு பகலாக ஓட வேண்டும். வாரம் இருமுறை சோதனைப் பெட்டியைக் கொண்டு நீரைச் சோதித்துக் குறித்து வரலாம். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் நைட்ரேட் தென்படும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் மீண்டும் ஒரு சிட்டிகை தீனி போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் அவை ஏறாமல் நின்றால், மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றிவிட்டு மீன் வாங்கச் செல்லலாம். புட்டியில் விற்கப்படும் நுண்ணுயிர்க் கரைசல்கள் இக்காலத்தைக் குறைக்கக்கூடும். சோதனைக்கு அவை மாற்று ஆகா.

வெறுந்தொட்டியை ஒன்றரை மாதம் பார்த்துக் கொண்டிருப்பதா என்று வீட்டிலுள்ளோர் கேலி செய்வர். இதில் நகரத்தாரைவிட விவசாயிக்கே பொறுமை அதிகம். தக்கைப்பூண்டை மடக்கி உழுதுவிட்டு, அது மட்கும் வரை நடவுக்குக் காத்திருப்பவர் அவர். நன்னீர் மீன் வளர்த்து ஓராண்டு பழகிய பின்னரே கடல்நீருக்கு வர வேண்டும் என்று சொல்வதுண்டு. அது கட்டாயமன்று. காத்திருக்கவும் நாள்தோறும் கவனிக்கவும் தெரிந்தவருக்குக் கடல்நீர்த் தொட்டியே முதல் தொட்டியாக இருக்கலாம்.

இனி நீரைப் பற்றி. 1909ஆம் ஆண்டு சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதற்குக் கடல் எதிரிலேயே இருந்தது. சேலத்துக்கும் கடற்கரைக்கும் சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எனவே இங்கே கடல்நீரைத் தயாரித்துக் கொள்ளத்தான் வேண்டும். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள சுமார் 35 கிராம் உப்புகளில் சமையல் உப்பு 27 கிராம் அளவே. மீதி மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் முதலியவை. ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர் கிடைக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்போரும் உண்டு. உள்நாட்டு உவர்நீரில் இவ்வுப்புகளின் விகிதம் வேறு; குறிப்பாகப் பொட்டாசியம் குறைவாகவே இருக்கும். ஆகவே கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கப்படும் உப்புக் கலவையை, எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரித்த நீரில் கரைப்பதே நல்லது. காவிரிக் குடிநீரில் குளோரின் இருக்கும்; கிணற்று நீரில் கடினத்தன்மை மிகுதி.

தொட்டி பெரிதாக இருப்பது நன்று. சிறிய தொட்டியில் தவறு நேர்ந்தால் திருத்த நேரம் இராது. மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் கல், மணல் போகச் சுமார் 150 லிட்டர் நீர் பிடிக்கும். அதற்கு ஐந்தேகால் கிலோ உப்பு தேவை. உப்பைத் தனி வாளியில் கரைத்து, ஒரு நாள் கலக்க விட்டு, ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை உள்ளதா என்று பார்த்த பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும். பூச்சிமருந்து கலக்கிய வாளியை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். கொசுவை விரட்ட மின்சாரத்தில் சூடேற்றும் வில்லைகளிலும் திரவங்களிலும் இருப்பது இதே வகை மருந்துதான். தொட்டி உள்ள அறையில் அவற்றை வைத்தால், காற்று மோட்டார் அந்தப் புகையையும் சேர்த்து நீருக்குள் செலுத்திவிடும். இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் பகுதி இது. தொட்டி நீரோ 25 முதல் 27 டிகிரியில் இருப்பது நலம். குளிரூட்டும் கருவி விலை மிகுந்தது. நீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். வறண்ட காற்றுள்ள இப்பகுதியில் இம்முறை கடற்கரை ஊர்களைவிட நன்கு பலன் தரும். ஆனால் நீர் விரைவில் ஆவியாகும். நீர்தான் போகுமேயன்றி உப்பு போகாது. 150 லிட்டரில் 15 லிட்டர் குறைந்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39 கிராமை எட்டிவிடும். உவர்நீர் பாய்ச்சிய வயலில் மேல்மண்ணில் உப்பு பூப்பது போன்றதே இது. ஆகவே குறைந்த அளவுக்கு நாள்தோறும் உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். மின்தடை நேரத்துக்கென பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் அவசியம். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிராணவாயுவைத் தாங்கும். கடல்நீர் 7 மில்லிகிராம்கூடத் தாங்காது.

மீனைத் தேர்ந்தெடுப்பதிலும் கருத்துச் செலுத்த வேண்டும். கடலில் பிடித்த மீனைவிடப் பொரிப்பகத்தில் பிறந்த மீனே ஏற்றது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன் குஞ்சு பொரிப்பு வெற்றி பெற்றுள்ளது. இத்தகைய மீன்கள் தொட்டிக்கும் குருணைத் தீனிக்கும் பழகியவை. கடற்சாமந்தி இல்லாமலும் இவை வாழும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பகுதிகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கப்பட்ட மீன்களோ, நன்றாகத் தோன்றினாலும் சில வாரங்களில் சாகக்கூடும். எங்கே பொரித்தது என்று கேட்டு, விடை சொல்லாத கடையில் வாங்காமலிருப்பது உத்தமம். கடல் குதிரை, பவளம், கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001ல் சேர்க்கப்பட்டவை. இராமேஸ்வரம் சென்று வருவோர் அழகாயிருக்கிறது என்று பவளக்கல் எடுத்து வருவதும் குற்றமே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக்கப்பட்டன.

இதையே உபதொழிலாக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. கூடாது என்பதே விடை. கடல்மீன் குஞ்சுக்கு முதல் தீனியாக ரோட்டிபர் என்ற நுண்ணுயிரியும், அதற்குத் தீனியாகப் பாசியும் தனித்தனியே வளர்க்க வேண்டும். கடல் அருகில் இல்லாத ஊரில் இவை அனைத்துக்கும் விலைக்கு வாங்கிய உப்பையே கரைக்க வேண்டியிருக்கும். வருமானம் நாடுவோர் சென்னைக் கொளத்தூரைப் போய்ப் பார்க்கட்டும் (மேட்டூர் அருகிலுள்ள கொளத்தூர் அல்ல). அங்கே பல குடும்பங்கள் நன்னீர் வண்ண மீனைக் கொண்டே பிழைக்கின்றன.

வீட்டில் கண்டு மகிழத் தொட்டி அமைப்போர், வெயில் தணிந்தபின் கார்த்திகை முதல் வாரத்தில் நீர் நிரப்பலாம். சோதனையில் தேறினால் பொங்கலுக்குள் இரண்டு கோமாளி மீன்களை விடலாம். அடுத்த மீனுக்கு இன்னும் ஒரு மாதம். 150 லிட்டருக்கு நான்கைந்து சிறு மீன்களுக்கு மேல் வேண்டாம்.