மகமைக் கணக்கும் சசூன் பேரேடும்

காதர்பேட்டையில் மூத்த வியாபாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். பழைய பேரேட்டில் பற்று வரவுக்கு நடுவே 'மகமை' என்றொரு தலைப்பு இருந்ததைச் சொல்வார்கள். மூட்டைக்கு இவ்வளவு, பேலுக்கு இவ்வளவு என்று சரக்கு விற்ற அன்றே எடுத்து வைத்த பணம் அது. ஆண்டுக் கடைசியில் ஐந்தொகை பார்த்து, மிஞ்சினால் கொடுப்போம் என்று வைத்ததல்ல. விருதுநகரில் 1889-இல் தொடங்கி, பின்னாளில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை இத்தகைய மகமையிலும் பிடியரிசியிலும் வளர்ந்ததே. கம்ப்யூட்டர் பில் வந்தபின் நம்மில் பலர் கணக்கில் அந்த வரியைக் காணோம். நன்கொடைப் புத்தகத்துடன் யாராவது வந்தால், அன்றைய கல்லாவைப் பார்த்தே நம் கை நீள்கிறது.

இந்த வேளையில் பம்பாய் யூத வணிகர் டேவிட் சசூன் நமக்கு நினைவுக்கு வருகிறார். 1792-இல் பாக்தாத்தில் பிறந்தவர். ஆட்சியாளரின் கெடுபிடிக்குத் தப்பி, பாரசீகத்தின் புஷையர் துறைமுகம் வழியாக 1830-களின் தொடக்கத்தில் பம்பாய் வந்து, பஞ்சு, நூல், துணி என வியாபாரத்தைப் பெருக்கினார். எட்டு ஆண் மக்கள். அவர்களைச் சீனத் துறைமுகங்கள் வரை அனுப்பி வியாபாரம் பழக்கினார். குடும்பத்தார் எபிரேய எழுத்தில் அரபு மொழியை எழுதிக் கடிதப் போக்குவரத்து நடத்தினர். (நம் ஜவுளிக் கடைகளில் விலைக்கு ரகசியக் குறி போடுவது போலத்தான்!)

வியாபாரம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பங்கை அவர் நிறுவனம் தர்மக் கணக்கில் வரவு வைத்தது. 1864-இல் அவர் காலமானார். புனேயின் சசூன் மருத்துவமனை 1867-இல் எழுந்தது. பம்பாயில் அவர் பெயரிலான நூலகக் கட்டடம் 1870-இல் முடிந்தது. முதலாளி போனபின்னும் காரியம் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மருத்துவமனை இன்று அரசு மருத்துவமனையாக ஏழை எளியோருக்குப் பயன்பட்டு வருகிறது.

ஆனால் ஒன்றை மறைப்பது முறையல்ல. சசூன் குடும்பத்தின் செல்வத்தில் பெரும் பங்கு சீனாவுக்கு அனுப்பிய அபினியால் வந்தது. அன்றைய ஆங்கிலேயர் சட்டம் அதைத் தடுக்கவில்லை. புனேயில் மருத்துவமனை கட்டியதால் சீனத்தில் சீரழிந்த குடும்பங்களின் கணக்கு நேராகிவிட்டது என்று நாம் சொல்லத் தயாரில்லை.

அதைச் சொல்லும்போது நம் நொய்யலும் கண்முன் வருகிறது. ஆற்றில் சாயக் கழிவு ஓடிய ஆண்டுகளில் நாமும் கோயிலுக்கும் பள்ளிக்கும் தாராளமாகவே கொடுத்தோம். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே கிணறு கெட்ட விவசாயிக்கு அந்த ரசீதுகளால் என்ன பயன்? 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகல்லவா நமக்கு உறைத்தது! பட்டறை நமதல்ல, நாம் துணி விற்பவர்கள் தானே என்று ஒதுங்குவோர் உண்டு. சாயம் ஏறிய துணியை விற்றுத்தானே நம் கல்லா நிறைந்தது?

ஆகவே, நூற்றுக்குக் கால் ரூபாயானாலும் சரி, மகமையைத் தனிப் பேரேடாக மீண்டும் தொடங்க வேண்டும் என்பது நமது கருத்து. அதன் முதல் செலவு நொய்யல் கரைக் கிராமங்களின் குடிநீருக்கு ஆகட்டும். ஊருக்குள் கல்வெட்டு வைக்கும் காரியங்கள் அதன்பிறகு. வரும் பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.