நான்கு விமானங்களும் காத்திருந்த விமானிகளும்

2018 ஜூலை 31. மலேசிய நாடாளுமன்றத்தில் தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு எழுந்து ஒரு கணக்குச் சொன்னார். ரஷ்யாவிடம் வாங்கிய 28 போர் விமானங்களில் பறக்கும் நிலையில் இருப்பவை நான்கே நான்கு. 18 சுகோய்களில் 14 பழுதுபார்ப்பில் கிடந்தன. 10 மிக்-29 விமானங்களில் ஒன்றுகூடப் பறக்கவில்லை. பராமரிப்பு ஒப்பந்தக்காரரை நீக்கிவிட்டு உள்நாட்டு நிறுவனங்களிடம் வேலையைக் கொடுத்திருப்பதாகவும் அவர் தெரிவித்தார்.

போட்ட பணம் எங்கே என்று நாடு கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். சுகோய் விமானங்களுக்கான 2003 ஒப்பந்தத்தின் மதிப்பு மட்டும் ஏறத்தாழ 90 கோடி அமெரிக்க டாலர். அந்த ஒப்பந்தத்தின் பக்கப் பலனாகத்தான் 2007-இல் ஷேக் முஸ்ஸாபர் விண்வெளிக்குப் போனார். அந்தப் பயணத்துக்கான தேர்வில் இறுதிச் சுற்றுக்கு வந்த நால்வரில் சிவா வனஜா என்ற தமிழ்ப் பெண்ணும் இருந்தார் என்பது நம் வீடுகளில் அன்று பெருமையாகப் பேசப்பட்ட செய்தி. பணத்தைப் பற்றிப் பேசினோம், விண்வெளியைப் பற்றிப் பேசினோம். அந்த விமானங்களை ஓட்டுவதற்கென்றே தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்து உருவாக்கப்பட்ட மனிதர்களைப் பற்றி மட்டும் அதிகம் பேசவில்லை. நான்கு விமானங்கள் பறந்த காலத்தில் மற்ற விமானிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

சைக்கிள் ஓட்டப் பழகியவர் பத்து வருடம் கழித்து ஏறினாலும் ஓட்டிவிடுவார். போர் விமானம் அப்படிப்பட்டதல்ல. இரவில் தரையிறங்குவது, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது, நான்கு விமானங்கள் ஒரே அணியாகத் தாழப் பறந்து இலக்கை அடைவது என்று ஒவ்வொன்றும் விட்டால் போய்விடும் பழக்கம். கூர்மையான திருப்பம் ஒன்றில் உடல் எடை ஏழு மடங்காகும்; 70 கிலோ மனிதர் அந்த நொடிகளில் 490 கிலோவாகத் தன்னை உணர்வார். தரையில் இருக்கும் பயிற்சிப் பொறியில் பொத்தான்களைப் பழகலாம், அவசர நடைமுறைகளைப் பழகலாம். அந்த எடையை அதனால் கொடுக்க முடியாது. நேட்டோ நாடுகளில் போர் விமானி ஒருவருக்கு ஆண்டுக்கு 180 மணி நேரப் பறப்பு வேண்டும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் அளவு. ஒரு படையில் விமானம் குறைந்தால் இந்த மணிக்கணக்குத்தான் முதலில் அடிவாங்கும்.

மணி குறைந்தால் திறமை மங்குவதோடு விஷயம் நிற்பதில்லை. போர் விமானியின் வாழ்க்கை படிப்படியாக ஏறுவது. முதலில் அணித் தலைவரின் பக்கத்தில் பறக்க வேண்டும். பிறகு இரண்டு விமானங்களுக்குத் தலைமை, அப்புறம் நான்குக்கு, அதன்பின் பயிற்றுநர் தகுதி. ஒவ்வொரு படிக்கும் இத்தனை மணி என்று கணக்கு உண்டு. விமானம் கொட்டகையில் நின்றால் அந்த இளைஞரும் அதே படியில் நிற்பார். வயது மட்டும் ஏறும். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய மூத்தவருக்கும் மணி குறையும். நாளை அவர் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்?

பறப்பில் ஏறாதவருக்குப் பதவியில் ஏற ஒரு வழி இருக்கிறது. அது மேசை. உலகின் பெரும்பாலான விமானப்படைகளில் ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கியதும் விமானியின் பறப்பு வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்கு மேல் கோப்பு, கூட்டம், கொள்முதல். நம் நாட்டில் சொல்வதென்றால் ஜாலான் பாடாங் தெம்பாக்கில் உள்ள தற்காப்பு அமைச்சில் ஓர் அறை. நிர்வாகம் பார்க்க ஆள் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வானத்தில் இருக்கவே படைக்குள் வந்தவரிடம், சம்பளம் உயர வேண்டுமானால் வானத்தை விடு என்று சொல்வது எந்த வகையில் சேர்த்தி? அந்த இரண்டில் ஒன்றையும் விடாமல் தரும் மூன்றாவது கதவு ஒன்று அவர் கண்ணெதிரே திறந்திருக்கிறது.

சுபாங் விமான நிலையத்துக்குப் போனால் அந்தக் கதவைப் பார்க்கலாம். ஒரே ஓடுபாதை. ஒரு பக்கம் ஆகாயப்படைத் தளம். அங்கே ஹெர்குலிஸ்களும் நான்கு ஏ400எம் சரக்கு விமானங்களும் நிற்கின்றன. மறுபக்கம் பயணிகள் முனையம். காஸாவில் காயம்பட்டவர்களையும் அவர்களின் குடும்பத்தினரையும் சேர்த்து 127 பாலஸ்தீனர்களை 2024 ஆகஸ்டில் எகிப்திலிருந்து இந்தத் தளத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள் நம் படை விமானிகள். அப்படி நீண்ட தூரம் பெரிய விமானத்தை ஓட்டிப் பழகியவரை எந்தப் பயணிகள் விமான நிறுவனமும் இரு கை நீட்டி வரவேற்கும். அங்கே மாதா மாதம் பறப்பு உறுதி. அரசாங்கச் சம்பளத்தைவிடக் கூடுதல் ஊதியம். ஒப்பந்த ஆண்டுகள் முடிந்ததும் ஒருவர் ஓடுபாதையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டால் அவர்மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது?

படைத் தலைமை இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், புதிய விமானம் வருகிறது என்பது. 2023 மே மாதம் லங்காவியில் தென்கொரிய நிறுவனத்துடன் 18 எஃப்ஏ-50 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு 92 கோடி டாலர். நல்ல தேர்வு என்றே சொல்ல வேண்டும். போருக்கும் உதவும், பயிற்சிக்கும் உதவும். 2021 மே 31 அன்று சீன ராணுவத்தின் 16 சரக்கு விமானங்கள் சரவாக் கரைக்கு அருகே அணிவகுத்து வந்தபோது, லாபுவானிலிருந்து எதிரே பறந்துபோனவை 1990-களில் வாங்கிய ஹாக் விமானங்கள். அதே ஆண்டு நவம்பரில் பட்டர்வொர்த் தளத்தில் ஹாக் ஒன்று விழுந்து ஒரு விமானி இறந்தார், ஒருவர் காயமடைந்தார். 2017-இல் திரங்கானுவில் ஒரு ஹாக் விழுந்தபோது இரண்டு பேர் போனார்கள். மாற்று விமானம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

ஆனால் வாங்குவது வேறு, பறக்க வைப்பது வேறு. இந்தப் பாடத்தை மலேசியா பலமுறை விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1980-களில் அமெரிக்காவிடமிருந்து பழைய ஸ்கைஹாக் விமானங்கள் 88 வாங்கினோம்; செப்பனிட்டு வந்து சேர்ந்தவை 40. சுங்கை பீசி தளத்திலிருந்து எஃப்-5 போர் விமானத்தின் இரண்டு ஜெட் எஞ்சின்கள் 2007-இல் திருடுபோய் தென்னமெரிக்கா வரை போயின; விஷயம் வெளியே வந்தது 2009 டிசம்பரில். அந்தத் தளம் இருந்தது பிரிக்பீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான். தலைநகரத் தளத்திலேயே ஜெட் எஞ்சின் காணாமல் போகும் என்றால், அந்த எஞ்சினை நம்பி உயிரைக் கொடுத்துப் பறக்கும் மனிதருக்கு மேலிடத்தின்மேல் என்ன நம்பிக்கை மிஞ்சும்? விமானிகளின் மனக்கசப்பு என்று பேசும்போது சம்பளத்தை மட்டும் நினைக்கிறோம். மேலே இருப்பவர் கவனிக்கிறாரா என்ற சந்தேகம் சம்பளக் குறையைவிட ஆழமாக அறுக்கும்.

2025 ஆகஸ்ட் 16 அன்று மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் இதைப் பொது மேடையிலேயே பேசினார். முப்பது ஆண்டுப் பழைய பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களை எடுக்கும் திட்டத்தைக் கண்டித்து, நம் விமானிகளைப் பறக்கும் சவப்பெட்டியில் ஏற்றப் பார்க்கிறோமா என்ற பொருளில் கேட்டார். ஸ்கைஹாக் தவறைத் திரும்பச் செய்யாதீர்கள் என்றும் நினைவூட்டினார். ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 21 இரவு, குவாந்தானில் மேலெழுந்த எஃப்/ஏ-18 விமானம் தீப்பற்றி விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இருக்கையோடு வெளியேறி உயிர் பிழைத்தார்கள். அந்தப் பேச்சுக்கும் இந்த விபத்துக்கும் முடிச்சுப் போடக்கூடாது. அந்த இருவரையும் காப்பாற்றியது எது என்று பார்த்தால் போதும்: நன்றாக வேலை செய்த இருக்கை, ஓரிரு நொடியில் முடிவெடுக்கப் பழகிய கை. பராமரிப்பும் பயிற்சியும்.

விமானமும் விமானியும் குறைவது மலேசியாவின் நோய் மட்டுமல்ல. இந்தியாவில் தொடக்கப் பயிற்சிக்கு வைத்திருந்த எச்பிடி-32 விமானங்கள் தொடர் விபத்துகளுக்குப் பிறகு 2009-இல் மொத்தமாக நிறுத்தப்பட்டன. மாற்று விமானமான பிசி-7 வந்து சேர 2013 ஆனது. நம் அலோர் ஸ்டார் கல்லூரியில் பயிற்சிக்கு ஓடும் அதே வகை விமானம் அது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் பயிற்சி இளைஞர்கள் அடுத்த கட்டத்துக்கான ஜெட்டிலேயே முதல் பாடத்தையும் படிக்க வேண்டியிருந்தது. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் பயிற்றுநர்களை உருவாக்கும் பெயர்பெற்ற பள்ளி இருக்கிறது. சுகோய் பயிற்சி கொடுக்க 2008-இல் நம் கோங் கெடாக் தளத்துக்கு வந்ததும் இந்திய விமானப்படைக் குழுதான். சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள அந்தப் படையிலேயே கற்க விமானம் போதவில்லை. அந்நாட்டுத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையின்படி 2015 தொடக்கத்தில் 486 ஆக இருந்த விமானிப் பற்றாக்குறை 2021 முடிவில் 596 ஆனது.

அமெரிக்கா தன் பற்றாக்குறையைப் பணத்தால் அடைக்கப் பார்த்தது. படையில் தங்கினால் ஆண்டுக்கு 35,000 டாலர் வரை ஊக்கத்தொகை என்று 2017-இல் அறிவித்தார்கள். தகுதி பெற்றவர்களில் பாதிப்பேர்கூட அந்த ஆண்டு அதை ஏற்கவில்லை. அப்போது அமெரிக்க விமானப்படைக்கு ஏறத்தாழ 2,000 விமானிகள் குறைவு. பறப்பதற்கு வெளியே சுமத்தப்படும் எழுத்து வேலை, ஓயாத இடமாற்றம், குடும்பத்தை விட்டுப் பிரிந்திருக்கும் மாதங்கள் என்று அங்கே விமானிகள் சொன்ன காரணங்களில் பலவற்றைக் காசோலையால் தீர்க்க முடியாது.

பிரிட்டன் செய்தது வேறு. அங்கே பறப்பையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்பும் விமானிக்குத் தனிச் சம்பள ஏணி ஒன்றை ஏற்படுத்தினார்கள். பதவி உயர்வுக்காக மேசைக்குப் போக வேண்டியதில்லை; பறந்துகொண்டே இருக்கலாம், அனுபவத்துக்கேற்ப ஊதியமும் ஏறும். அதனால் அவர்களுடைய சிக்கல் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாற்பது வயதுப் பயிற்றுநர் ஒருவரைப் படையில் வைத்திருக்க அது நேர்மையான வழி. மலேசியா எடுத்துக்கொள்ள வேண்டிய யோசனை இதுதான்.

பதவி உயர்வைப் பற்றிப் பேசும்போது 1967-ஐ நினைக்காமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு நவம்பரில் சுலைமான் சுஜாக் ஆகாயப்படையின் முதல் மலேசியத் தளபதி ஆனார். வயது 33. அதே ஆண்டு டிசம்பரில் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் கே. தனபாலசிங்கம் என்ற தமிழர். வயது 31. சுதந்திரம் பெற்றுப் பத்தே ஆண்டான நாடு, முப்பதைத் தாண்டிய இரண்டு இளைஞர்களின் கையில் வானத்தையும் கடலையும் ஒப்படைத்தது. வெளிநாட்டுத் தளபதிகள் விலகிய தனிச் சூழல் அது என்பது உண்மை. ஆனால் இளைஞரை நம்பிப் பொறுப்புக் கொடுத்தால் தாங்குவார் என்பதற்கும் அதுவே சாட்சி. தனபாலசிங்கம் 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஓய்வு பெற்றபோது வயது 40. சுலைமான் சுஜாக் பின்னாளில் மலேசிய விமான நிறுவனத்தின் உயர் பதவிக்குப் போனார். பயணிகள் விமானத் துறை ஆகாயப்படையிலிருந்து ஆள் எடுப்பது அவ்வளவு பழைய கதை.

இந்தியர்களும் சீனர்களும் ராணுவத்தில் சேர்வது மிகக் குறைவு என்று தற்காப்பு அமைச்சே பலமுறை சொல்லியிருக்கிறது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, மகன் விமானி ஆக வேண்டும் என்று கனவு காணும் பெற்றோர் தனியார் பறப்புப் பள்ளிக்குச் சில லட்சம் ரிங்கிட் கட்ட வீட்டை அடமானம் வைக்கவும் தயங்குவதில்லை. அதே பயிற்சியை ஆகாயப்படை செலவின்றிக் கொடுக்கிறது, சம்பளமும் தருகிறது. மகளுக்கும்தான். இருந்தும் அந்தப் பெயரே நம் வீடுகளில் எழுவதில்லை. உள்ளே போனால் மேலே வர முடியுமா என்ற ஐயம் அதற்கு ஒரு காரணம். அந்த ஐயத்தை விளம்பரப் பதாகை போக்காது. உள்ளே இருப்பவர் நிறைவாகப் பறக்கிறார், தகுதிக்கேற்ப உயர்கிறார் என்ற செய்தி வீடு வந்து சேர வேண்டும்.

அதற்கு முதலில் கணக்கு வெளியே வர வேண்டும். எத்தனை விமானம் பறக்கிறது என்பதை 2018-இல் ஓர் அமைச்சர் சபையில் சொன்னார். நாடு அதனால் பாதுகாப்பிழந்து போகவில்லை. விமானிப் பற்றாக்குறையை இந்தியத் தணிக்கையாளர் அச்சில் போடுகிறார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமும் போர் விமானிகளின் பற்றாக்குறையை 2018-இல் சதவீதக் கணக்கோடு வெளியிட்டது. ரகசியம் என்ற சொல்லை இங்கே கேடயமாகப் பிடிக்க இடமில்லை.

கொரிய விமானங்களில் முதலாவது 2026-இல் வர வேண்டும். அதற்கு முன் கிள்ளான் பள்ளத்தாக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், எந்தக் கட்சிக்காரர் ஆனாலும் சரி, கேள்வி நேரத்தில் எழுந்து மூன்று விவரம் கேட்கட்டும். சென்ற ஆண்டு நம் போர் விமானி ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார்? கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை விமானிகள் படையை விட்டு விலகினார்கள், என்ன காரணம் சொன்னார்கள்? பறந்துகொண்டே ஓய்வு பெற விரும்பும் பயிற்றுநருக்கு இன்று என்ன வழி இருக்கிறது?