கரையில் நின்றால் போதுமா?

"ஏ.எல். எடுக்கப் போற புள்ளைக்கு இது என்னத்துக்கு?"

நீந்தி ஓடும் போட்டியொன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் மாமி கேட்ட முதற்கேள்வி இது. அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போட்டி பாசிக்குடாவில், ஓகஸ்ட் விடுமுறையில் நடந்தது. கடலில் 400 மீற்றர் நீந்திக் கரையேறி, உடனே 2.5 கிலோமீற்றர் ஓட வேண்டும். இதனை 'அக்குவாத்லன்' என்பார்கள். உலக மட்டத்தில் 1 கிலோமீற்றர் நீச்சலும் மொத்தம் 5 கிலோமீற்றர் ஓட்டமும் இருக்கும். எங்களுடையது புதியவர்களுக்கான சிறிய போட்டி.

எங்கள் ஊர் காத்தான்குடி. கிழக்கே கடல், மேற்கே வாவி. ஆனாலும் என் வகுப்பில் நீந்தத் தெரிந்த மாணவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் உம்மாவுக்குக் கடல் என்றாலே பயம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியில் அவருடைய ராத்தா மௌத்தாகிவிட்டார். நான் பிறந்தது அதற்குப் பிறகு. அவரை ஒரு பழைய படத்தில் மாத்திரமே கண்டிருக்கிறேன்.

கிழக்குக் கரையில் அன்று ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக உயிரிழந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பலர் வீட்டுக்குள் இருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நீண்ட உடைகள் கால்களைத் தடுத்தன. ஆண் பிள்ளைகள் சிறுவயதிலேயே பழகிக்கொள்ளும் நீச்சலும் மரமேறுதலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சுனாமியை நீந்தி வெல்லலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் எப்போதும் சுனாமியாகத்தான் வரும் என்றில்லை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தபோது பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் உயிரிழந்தார்கள்.

எனக்கு நீச்சல் பழக்கியது வாப்பா. சனிக்கிழமைகளில் சுபஹுத் தொழுததும் புறப்படுவோம். உம்மாவும் வருவார், ஆனால் கரையைவிட்டு ஓர் அடிகூட இறங்கமாட்டார். வாப்பா முதலில் கற்றுத் தந்தது வேகமல்ல, மல்லாந்து மிதப்பது. முதல் நாள் பருத்திச் சல்வாரோடு இறங்கினேன். அது தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனத்தது. பிறகுதான் தலை முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சலுடை வாங்கினோம். 'புர்கினி' எனப்படும் இத்தகைய உடையை லெபனானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழும் அஹீதா ஸனெட்டி என்ற பெண் வடிவமைத்ததும் 2004ஆம் ஆண்டில்தான். எனவே, உடையைக் காரணம் காட்டும் காலம் முடிந்துவிட்டது.

போட்டியன்று விசில் ஊதியதும் பயிற்சியெல்லாம் மறந்துபோயிற்று. முதல் ஐம்பது மீற்றரிலேயே மூச்சு வாங்கியது. கடலில் இடைக்கிடை தலையை உயர்த்தி மிதவையைப் பார்க்காவிட்டால் திசை மாறிவிடும். நான் பார்க்க மறந்து கோணலாகப் போய்விட்டேன். ஆழமற்ற இடத்தில் இரண்டு தடவை கால் ஊன்றி நின்றேன். சிவப்பு மிதவைக்கருகே மூன்றாவது தடவையும் காலை இறக்கினேன். நிலம் எட்டவில்லை. நெஞ்சு படபடத்தது. உடனே மல்லாந்து மிதந்தேன். வானத்தைப் பார்த்தபடி பத்து வரை எண்ணினேன். மூச்சு திரும்பியது. திரும்பிக் கரையை நோக்கி நீந்தினேன்.

கரையேறியபோது கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. ஈரக் காலில் மணலோடு சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினேன். கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன்.

எத்தனையாவது இடம் என்று உம்மா கேட்கவில்லை. "அந்தச் சிவப்பு மிதவைக்கிட்ட ஆழம் எவ்வளவு மகள்?" என்றுதான் கேட்டார்.

"கால் எட்டல்ல உம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வாப்பாவைப் பார்த்து, "வாற சனிக்கிழமை சின்னவளையும் இறக்குங்க" என்றார்.

நீச்சல் என்றதும் எங்கள் பெற்றோர் உடையையும் பிறர் பார்வையையும் நினைத்துத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு பெண் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைப்பதல்ல. பெண் பயிற்றுநர்களை உருவாக்குவோம். நீச்சல் தடாகங்களில் பெண்களுக்கெனத் தனி நேரம் கேட்போம். ஆறாம் தரத்திலிருந்தே மிதக்கக் கற்றுக்கொடுப்போம். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸில் படிக்கிறோம். உடலைப் பழக்குவது எங்கள் மார்க்கத்துக்குப் புதிதல்ல.

மாமிக்கு என் பதில் இதுதான்: ஏ.எல். பரீட்சையில் தவறினால் மறுபடி எழுதலாம் மாமி. தண்ணீர் இரண்டாம் தவணை தராது. அந்தப் பாடத்துக்கு வாரத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவது வீண்போகாது.